கிராணி போய்விட்டார், பாரம் இருக்கிறது

தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்குப் பாரம் என்றால் தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணி. பிறப்புப் பத்திரமா, ஐசியா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமா, ஆபீஸ் வாசலில் போய் நின்றால் அவர் எழுதிக் கொடுப்பார். நம்மவர்கள் கைநாட்டு வைப்பார்கள். அங்கே மரியாதை குறைவுதான். ஆனாலும் யாரிடம் போவது என்று யாரும் தவித்ததில்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று கமுந்திங் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கிறார்கள். கிராணி போய்விட்டார். பாரம் மட்டும் பெருகிவிட்டது.

இதன் வலி எப்போது தெரியும் என்றால், வீட்டில் ஒருவர் முடங்கும்போது.

கமுந்திங்கில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பாவுக்கு வயது 52, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பத்து வருடமாக இனிப்புநீர். பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. செருப்பு கடித்தது என்று விட்டுவிட்டார். ஒன்றரை மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. குடும்பம் கற்பனை, நோய் கற்பனையில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு.

வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி சொல்கிறார்: "அக்கா, ஓகேயூ கார்டு போடுங்க. மாசாமாசம் காசு வரும்." இந்தப் பேச்சில் பாதி சரி. தவறான பாதியால்தான் பல குடும்பங்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன.

கார்டு வேறு, காசு வேறு

ஓகேயூ கார்டு என்பது சமூக நல இலாகா தரும் பதிவு அட்டை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வருவது. செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என ஏழு பிரிவுகள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பாரத்தை நல இலாகா அலுவலகத்தில் வாங்கலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். கமுந்திங் மக்களுக்கான லாருட், மாத்தாங், செலாமா மாவட்ட அலுவலகம் தைப்பிங்கில் இருக்கிறது. ஐசி நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், டாக்டர் நிரப்பிய மருத்துவப் பகுதி ஆகியவை வேண்டும். மனநலப் பிரிவென்றால் மனநல மருத்துவரிடம் குறைந்தது இரண்டு ஆண்டு சிகிச்சை பெற்றிருக்க வேண்டும்.

கார்டு கைக்கு வந்ததும் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணத்தில் விலக்கு உண்டு. பாஸ்போர்ட் இலவசம். கமுந்திங்கில் ஏறி பட்டர்வொர்த் பக்கம் போகும் கொமுட்டர் ரயிலில் பாதிக் கட்டணம். ஆனால் கார்டு வந்ததாலேயே வங்கியில் பணம் விழாது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போறான்" என்று கார்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைப்பவர்கள் உண்டு. யாரும் மறுத்ததால் அந்தப் பணம் வராமல் இல்லை. அதற்கு அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை.

மாத உதவித்தொகைக்குத் தனிப் பாரம் இருக்கிறது, அதிலும் வகை உண்டு. வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கு ஒன்று. 18 முதல் 59 வயதுக்குள் வேலை செய்ய இயலாதவருக்கு ஒன்று. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்க ஒன்று. 2021 பட்ஜெட் இவற்றை முறையே 450, 300, 500 வெள்ளியாக உயர்த்தியது. தொகையும் வருமான வரம்பும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. ஆகவே அலுவலகத்தில் "என்ன உதவி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்காமல், வகையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணிலும் விசாரிக்கலாம்.

"போலே" என்ற ஒரு சொல்

விண்ணப்பித்த பின் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் தடுமாறும் இடம் இது. அதிகாரி கேட்கிறார்: "போலே ஜாலான்?" நடக்க முடியுமா என்று. பெரியவருக்கு ரோஷம். வந்தவர் முன்னால் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "போலே, போலே" என்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் தோளில் கை வைத்து, நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கித்தான் அவர் குளியலறைக்குப் போகிறார். அதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லில் காணாமல் போகிறது. அறிக்கையில் 'நடக்க முடியும்' என்று ஏறுகிறது.

டாக்டர் முன்னாலும் இதே கதைதான். எவ்வளவு தூரம், யார் துணையோடு, எத்தனை முறை விழுந்தார், இரவில் எத்தனை முறை எழுப்புகிறார் என்று ஒரு வாரம் எழுதி வைத்து, அந்தத் தாளோடு போங்கள். உள்ளதை உள்ளபடி சொல்வது கையேந்துவது ஆகாது.

சொக்சோவை மறந்துவிடாதீர்கள்

நல இலாகா தருவது உதவி. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ தருவது உரிமை. சம்பளத்தில் பிடித்த காசு அது. நம் ஃபோர்க்லிஃப்ட்காரர் 60 வயதுக்குள் இருக்கிறார். நோயால் முடங்கி, நல்ல உடம்போடு இருப்பவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால், அவருக்கு இயலாமை ஓய்வூதியம் உண்டு. விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கட்டியிருந்தால் முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி. அது சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை. நல இலாகாவின் மாத உதவியைவிட இது பல வீடுகளில் பெரிய தொகை. இருந்தும் கால் எடுத்த கையோடு வேலையை விட்டுக் கடிதம் கொடுத்துவிட்டு, சொக்சோ பக்கம் எட்டியும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் தைப்பிங் சொக்சோ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ விபத்து என்றால் வேறு திட்டம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மேற்பார்வையாளர் சொன்னால் தலையாட்டாதீர்கள். போலீஸ் புகார், கிளினிக் சீட்டு இரண்டையும் அன்றே கையில் வாங்குங்கள்.

நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் ஊழியர் சேமநிதியில் உள்ள சேமிப்பையும் 55 வயது வரை காத்திராமல் எடுக்கலாம். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்கள் இன்றே சம்பளச் சீட்டைப் பாருங்கள். சொக்சோ, சேமநிதி என்ற வரிகளே இல்லையென்றால், விபத்து நடந்த பிறகு பேசுவதில் பலன் குறைவு.

"தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்"

பிள்ளைகள் விஷயத்தில் தடை வேறு. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் பாட்டி சமாதானம் சொல்வார்: "அவன் தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்." அந்தச் சமாதானத்தில் இரண்டு வருடம் ஓடிவிடும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா எல்லாம் கற்றல் பிரிவில் அடங்கும். சிறப்புக் கல்வியில் படிக்கும் பிள்ளைக்கு கல்வியமைச்சின் மாதப்படி 150 வெள்ளி. பள்ளிக்குப் போக முடியாதவர்களுக்கும் பள்ளி முடித்தவர்களுக்கும் பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் உள்ளன. 1984இல் திரெங்கானுவில் ஒரே இடத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று நாடெங்கும் இருக்கிறது. "கார்டு போட்டால் நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது" என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பதிவு கட்டாயமில்லை. ஆனால் குறையை மறைத்தால் கல்யாணம் வரும் என்பதும் இல்லை. இழப்பது பயிற்சிக்கான வயதைத்தான்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு சுவர் உண்டு: நல இலாகாவின் மாத உதவிக்குக் குடியுரிமை வேண்டும். நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடு முதுமையை எட்டிய தோட்டத்துப் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் வேலை பதிவிலாகாவில்தான் தொடங்குகிறது.

ஒரு கோப்பு வாங்குங்கள்

மூன்று வெள்ளிக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பு போதும். ஐசி நகல்கள், மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தக நகல், மின்சார, தண்ணீர் பில். கொடுக்கும் ஒவ்வொரு பாரத்துக்கும் நகல் எடுத்து, அதன் மேல் தேதியையும் வாங்கிக்கொண்டவர் பெயரையும் எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிலைமை மாறினால் திரும்பவும் விண்ணப்பிக்கலாம்.

இதையெல்லாம் எழுதப் படிக்கத் தெரிந்த நாம் செய்துவிடுவோம். கைப்பேசியில் எண் அழுத்தவே பேரனைக் கூப்பிடும் பெரியவருக்கு யார் செய்வது? கோயில் நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மலாய் நன்றாகத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர், ஒரு கைப்பேசி. அவ்வளவுதான் செலவு. அன்று கிராணி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இந்த மேசையில் எழுதுகிறவர் பெரியவருக்குப் பக்கத்தில் உட்காரட்டும்.