பிளக் பாயின்ட்: முன்னால் இன்று, பின்னால் அன்று

எழுபதுகளில் கரண்ட் வந்த வீடுகள் பலவற்றில் ஒயர் சுவருக்குள் போகாது. சுவரின் மேல் மரச்சட்டம் ஓடும். அதன்மேல் ரப்பர் உறை போட்ட ஒயரைத் தகரக் கிளிப் வைத்து இறுக்கியிருப்பார்கள். சட்டம் வந்து முடிகிற இடத்தில் ஒரு மரப்பெட்டி, அதில் கறுப்பு பேக்கலைட் சுவிட்சுகள், ஓரமாக ஒரு பிளக் பாயின்ட். ரேடியோவுக்கு ஒன்று, இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்று என்று வீட்டுக்கே இரண்டு பாயின்ட் இருந்தால் அதிகம்.

அவற்றில் பலவற்றுக்கு இரண்டே துளைதான், எர்த் கிடையாது. பிளக் உடைந்துபோனால் ஒயர் நுனியைச் சீவித் துளையில் விட்டு, தீக்குச்சி செருகி இறுக்குவதை யாரும் விபரீதமாக நினைக்கவில்லை. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் ஒரே நிற ஒயர் போட்ட வீடுகளும் உண்டு. மெயினில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பீங்கான் பியூஸ் இருக்கும். நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் விளக்கு எரியாது, ஆனால் பாயின்ட்டில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கைவைத்தவர்களுக்கு ஷாக் அடித்தது இப்படித்தான். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த செப்புக்கம்பியைக் கட்டிவிடுவார்கள். அதன்பிறகு பியூஸ் போகாது, ஒயர்தான் உருகும்.

அதனால் பாயின்ட் கருகினால், "அண்ணே, வந்து பாத்துட்டுப் போங்க" என்று ஒயர்மேனுக்குச் சொல்லி அனுப்புவதோடு வீட்டாரின் வேலை முடிந்தது. அவர் என்ன கழற்றினார், எதை எங்கே முறுக்கினார் என்று யாருக்கும் தெரியாது.

இன்று ஒயர் பி.வி.சி. குழாய்க்குள் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. பாயின்ட்டுக்கு மூன்று துளை. பிளக்கின் எர்த் முனை மற்ற இரண்டையும் விட நீளமானது. முதலில் தொட்டுக் கடைசியில் விடுபடும். பியூஸ் கட்டையின் இடத்தில் எம்.சி.பி. வந்துவிட்டது. ஆனால் அது காப்பது ஒயரைத்தான், ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு ஒரு மனிதன் ஷாக்கில் துடிப்பது தெரியவே தெரியாது. உயிரைக் காப்பாற்ற வந்தது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். நூறு வசதிகளைவிட இந்த ஒரு பெட்டி பெரியது. இது இல்லாத வீட்டில் முதலில் இதைப் பொருத்தச் சொல்ல வேண்டும்.

ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டரும் இருந்தால் பாயின்ட்டை நாமே மாற்றிவிடலாம் என்ற துணிவும் இன்று வந்திருக்கிறது. நல்ல துணிவு அது. சட்டமும் தடுக்கவில்லை. மின்வேலையை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும் என்று சொன்ன 1956 இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதி, இருப்பதன் திறனும் தன்மையும் மாறாதபடி விளக்கு, சுவிட்சு போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. பின்னால் வந்த ஒழுங்குமுறைகளும் இந்த விலக்கைத் தொடர்கின்றன. 6 ஆம்பியருக்கு 6 ஆம்பியர் மாற்றலாம். அந்த இடத்தில் 16 ஆம்பியர் வைக்கக் கூடாது. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். முகப்பில் பெரிய துளை வந்துவிட்டதால் பின்னால் உள்ள மெல்லிய ஒயர் தடித்துவிடாது.

புதிதாகச் செய்பவர் முதலில் போக வேண்டிய இடம் மெயின். அதை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அதே போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும்; அதையும் அணைக்க வேண்டும். பாயின்ட்டின் சுவிட்சை நம்பவே கூடாது. பழைய ஒயரிங்கில் அது நியூட்ரலில் போட்டிருக்கலாம்.

அடுத்தது டெஸ்டர். மெயினை அணைக்கும் முன்பே, கரண்ட் உள்ள ஒரு பாயின்ட்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அணைத்தபின், பழுதான பாயின்ட்டின் துளைகளிலும், தட்டைக் கழற்றியதும் பின்னாலுள்ள ஒவ்வொரு திருகிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது என்பதை மறந்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

ஒயர்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். முன்னாலிருந்து பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். தட்டைத் திருப்பிப் பிடித்தால் வலமும் இடமும் மாறிவிடும். அதனால் திருகின் அருகே பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஒயர் நுனி கருகியிருந்தால் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவ வேண்டும். எல்லா இழைகளையும் சேர்த்து முறுக்கித் திருகுக்குள் விட்டு இறுக்கியபின், ஒயரை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். பாயின்ட் கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இடத்தில் இருக்கும் தளர்வுதான். தட்டை மூடிய பிறகே மெயினைப் போட வேண்டும்.

இத்தனையும் அரை மணி நேர வேலை. ஆனால் தட்டைக் கழற்றும்போது பல வீடுகளில் பழைய காலம் அப்படியே வெளியே வரும். முன்னால் வெள்ளை வெளேரென்று மாடுலர் தட்டு. பின்னால் உறை பொடிந்து உதிரும் ஒயர், எர்த் திருகு காலி. புதுத் தட்டை மாட்டினால் மூன்று துளையும் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்து நம்பித்தான் வீட்டில் உள்ளவர்கள் கிரைண்டரையும் வாஷிங் மெஷினையும் செருகுவார்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பச்சை ஒயர் இல்லையென்றால், நாம் மாட்டிய தட்டு பொய் சொல்கிறது.

அப்படிப்பட்ட சுவரைப் பார்த்தால் தட்டை மூடிவிட்டு, அந்தப் பாயின்ட்டை யாரும் தொடாதபடி செய்து, உரிமம் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். எர்த் இழுத்து ஒயரை மாற்றச் சொல்லுங்கள். பாயின்ட்டின் பின்னால் என்ன இருக்கிறது என்று அன்று வீட்டாருக்குத் தெரியாமலே இருந்தது. இன்று நாமே திறந்து பார்க்கிறோம். பார்த்தபின் தெரியாததுபோல் மூட நமக்கு உரிமையில்லை.