மானம் காக்கும் பட்டன்கள்!

ஆபீஸ் குரூப், அபார்ட்மென்ட் குரூப், பத்தாம் கிளாஸ் 'பி' செக்‌ஷன் குரூப், மச்சினன் கல்யாணத்துக்காக ஆரம்பித்து அவனுக்குக் குழந்தை பிறந்த பிறகும் கலைக்காத குரூப்... உங்கள் செல்போனில் எத்தனை வாட்ஸ்அப் குரூப் ஸார் இருக்கு? எண்ணினால் தலை சுற்றும்! ஆனால் அதில் நாம் தொடுகிற பட்டன்கள் எத்தனை? டைப் அடிப்பது, அனுப்புவது, கும்பிடு போடுவது. அவ்வளவுதான். பாக்கியெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

கொஞ்சம் தட்டித்தான் பாருங்களேன்!

மானேஜரைப் பற்றி நண்பனுக்கு அனுப்ப வேண்டிய ஜோக், ஆபீஸ் குரூப்பிலேயே விழுந்துவிட்டதா? வியர்க்க வேண்டாம். மெஸேஜை அழுத்திப் பிடித்து, 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுங்கள். 2017-ல் இந்த வசதி வந்தபோது 7 நிமிஷம்தான் டயம். 2022-லிருந்து 2 நாளுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே அவகாசம். ஆனால் அவசரத்தில் 'டெலீட் ஃபார் மீ'யை அமுக்கினால் போச்சு! ஊருக்கெல்லாம் ஜோக் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது. பதறாதீங்க... 'அன்டூ' என்று ஒன்று எட்டிப் பார்க்கும். 5 விநாடிதான். அதை அமுக்கி, மறுபடி ஒழுங்காக அழியுங்கள். அதற்குள் மானேஜர் படித்துவிட்டிருந்தால் கம்பெனி பொறுப்பல்ல!

வெறும் எழுத்துப் பிழைதானா? அழிக்கவே வேண்டாம். 15 நிமிஷத்துக்குள் 'எடிட்' பண்ணலாம். 2023-ல் வந்த சௌகரியம் இது.

குரூப்பில் ஒருத்தர் கேட்ட கேள்விக்கு அவருக்கு மட்டும் பதில் சொல்ல 'ரிப்ளை பிரைவேட்லி' இருக்கிறது. சம்பள விஷயம் சந்திக்கு வராது.

குரூப்பை விட்டுக் கழன்றுகொள்ள ஆசை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று பயமா? 2022-லிருந்து, நீங்கள் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். அட்மினே சித்தப்பாவா? அப்ப 'மியூட்' பண்ணிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்!

இதெல்லாம் மானத்துக்கு. இனி பணத்துக்கு.

முன்பின் தெரியாத யாரோ உங்களை 'ஷேர் மார்க்கெட் டிப்ஸ்' குரூப்பில் சேர்ப்பார். உள்ளே பத்துப் பேர், 'எனக்கு லட்சம் லாபம்... எனக்கு ரெண்டு லட்சம்' என்று குதிப்பார்கள். பத்துப் பேரும் ஒரே கும்பலாக இருக்கலாம்! செட்டிங்ஸில் பிரைவஸி, அதற்குள் குரூப்ஸ் போய், 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். தெரியாத ஆள் உங்களை இழுத்துப் போட முடியாது.

கடைசியாக, ரொம்ப முக்கியம். 'மச்சி, ஒரு 6 நம்பர் தப்பா உன் போனுக்கு வந்துடுச்சு, அனுப்புடா' என்று நண்பனிடமிருந்து மெஸேஜ் வருகிறதா? உஷார்! நண்பனின் கணக்கு ஏற்கெனவே திருடன் கையில் இருக்கலாம். அந்த நம்பர், உங்கள் கணக்கின் சாவி. கொடுத்தால், உங்கள் பெயரில் எல்லா குரூப்பிலும் 'அவசரமா அஞ்சாயிரம் வேணும்' என்று கை நீட்டுவான். அனுப்பும் சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இதற்குத்தான் செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதியில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' இருக்கிறது. நீங்களே 6 எண்ணில் ஒரு பின் நம்பர் வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த எண் மட்டும் கிடைத்தால் திருடனுக்குப் போதாது. மறந்து தொலைத்தால் மீட்க, ஈமெயில் முகவரியையும் கொடுத்து வையுங்கள்.

மொத்தம் இரண்டே நிமிஷ வேலை. இன்று ராத்திரி 'குட் நைட்' ரோஜாப்பூ அனுப்புவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். ரோஜா வாடாது!