வசனத்துக்கு ஒரு செக்குபந்தி

சென்னை–கும்பகோணம் சாலையும் சிதம்பரம்–விருத்தாசலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் சேத்தியாத்தோப்பு. அந்த நாற்சந்தியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சித்தி வீடு. சித்தியின் பழைய வேதாகமத்தைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் பென்சில் கோடுகள் இருக்கும். வாக்குத்தத்தங்களுக்குச் சிவப்பு, கட்டளைகளுக்கு நீலம், ஜெபங்களுக்குப் பச்சை. புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டைகள் அங்கங்கே அடையாளமாகச் செருகியிருக்கும். கண் மங்கத் தொடங்கிய பிறகு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக் கைப்பேசிக்கு மாறினார். நிறப் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

சென்ற மாதம் நான் போனபோது கைப்பேசியை நீட்டினார். "ஏம்ப்பா, புதுப் போன்ல கோடெல்லாம் எடம் மாறிக் கெடக்கு. பாதி வார்த்தையில ஆரம்பிச்சு அடுத்த வார்த்தையில போய் நிக்கிது. என்னன்னு பாரேன்."

பார்த்தேன். நிறங்கள் எல்லாம் இருந்தன, வசனங்களும் சரியாகவே இருந்தன. வசனத்துக்குள் கோடுகள் மட்டும் சில எழுத்துகள் தள்ளிப் போயிருந்தன. "நீங்க போட்ட கோடு ஒண்ணும் தொலையல சித்தி, வெலாசந்தான் மாறிப்போச்சு" என்றேன். அந்த விலாசத்துக்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாளில் ஊறும் நிறம்

வேதாகமம் அச்சிடும் தாள் மிக மெல்லியது. சதுர மீட்டருக்கு 25 முதல் 40 கிராம்தான் இருக்கும். நகலெடுக்கும் கடையில் வாங்கும் தாள் 70, 80 கிராம். ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ஒரே கட்டில் அடங்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. இந்தத் தாள் சிக்கனம் நம் பக்கத்தில் வேதாகமம் அச்சேறிய முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. சிதம்பரம், சீர்காழி வழியாகப் போனால் வரும் தரங்கம்பாடியில், 1706இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. தாள் போதவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துத்தான் வேலையை முடிக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு மெல்லிய தாளில் மை ஊறி மறுபக்கம் தெரியும். சித்தி வண்ணப் பென்சிலைத் தேர்ந்தது அனுபவ அறிவு. 1971இல் ஸ்டாபிலோ பாஸ் பேனா வந்து உலகெங்கும் மாணவர்களின் பாடப்புத்தகங்களை ஒளிர வைத்தது. மஞ்சள் ஒளிர்பேனாக்களில் பெரும்பாலும் பைரனின் என்ற சாயம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் வாங்கிக்கொண்டு அதைப் பசுமஞ்சளாகத் திருப்பித் தரும். மேலே விழும் வெளிச்சத்தைவிடக் கூடுதலாகப் பளிச்சிடுவதுபோல் தோன்றுவது அதனால்தான். ஆனால் மை ஒருமுறை ஊறிவிட்டால் அந்தக் கோடும் தாளும் ஒன்றே. தாள் மக்கினால் கோடும் மக்கும்.

திரையில் கோடு எங்கே இருக்கிறது?

வேதாகம மென்பொருளில் ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்தி மஞ்சளைத் தேர்ந்தால், அந்த மஞ்சள் வசனத்துக்குள் போவதில்லை. வேதாகமம் ஒரு கோப்பில் தொடாமல் கிடக்கிறது. உங்கள் கோடு வேறொரு சிறு பதிவேட்டில் ஒரு வரியாக எழுதப்படுகிறது. எந்த ஆகமம், எந்த அதிகாரம், எந்த வசனம், எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனையாவது எழுத்து வரை, என்ன நிறம், என்ன தேதி. பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் மென்பொருள் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, எழுத்துக்குப் பின்னால் நிறத்தைப் புதிதாகத் தீட்டுகிறது.

இப்படிப் பிரித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. மூல உரை எல்லோருக்கும் பொது. கோடு அவரவருக்குச் சொந்தம். ஒரே வசனத்தில் சித்தி சிவப்பு தீட்டலாம், நான் பச்சை தீட்டலாம். இருவர் கையும் மூலத்தைத் தொடாது.

பதிப்பாசிரியர் இடும் குறிகள் இதற்கு நேர்மாறு. அவை உரைக்குள்ளேயே இருக்கும். இயேசுவின் சொற்களைச் சிவப்பில் அச்சிடும் வழக்கம் 1899இல் நியூயார்க்கில் லூயிஸ் க்ளாப்ஷ் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் தொடங்கியது. இன்று மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்தும் யூஎஸ்எஃப்எம் என்ற குறியீட்டு முறையில், அந்தச் சொற்களைச் சுட்ட ஒரு தனிக்குறியே உண்டு. அது உரையோடு சேர்ந்தே பயணிக்கும். வாசகரின் கோடு ஒதுங்கி நின்று, விலாசத்தை மட்டும் நம்பி வாழ்கிறது.

எண் என்னும் எல்லைக்கல்

அந்த விலாசத்தின் முதல் பாதி மிக உறுதியானது. வேதாகமத்தை அதிகாரங்களாகப் பிரித்த முறை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறையியலாளர் ஸ்டீபன் லாங்டனிடமிருந்து வந்தது. இன்று நாம் புழங்கும் புதிய ஏற்பாட்டு வசன எண்கள், பாரிஸை விட்டு ஜெனீவாவில் குடியேறிய ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பிலிருந்து வந்தவை. 66 ஆகமங்கள், 1,189 அதிகாரங்கள், 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆராதனையில் போதகர் 'சங்கீதம் 119, வசனம் 105' என்றதும் சபை முழுவதும் ஒரே இடத்தைப் புரட்டுவது அந்த எண்ணின் பலத்தால்தான்.

ஆனாலும் எல்லைக்கல் சில இடங்களில் நகர்ந்திருக்கிறது. எபிரேய மூலத்தில் மல்கியாவுக்கு 3 அதிகாரங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நாம் படிப்பது 4. யோவேலுக்கு எபிரேயத்தில் 4, நம்மிடம் 3. 51ஆம் சங்கீதத்தின் தலைப்பு எபிரேயத்தில் இரண்டு வசனங்களாக எண்ணப்படுகிறது. அதனால் நமக்கு 10ஆம் வசனம் அங்கே 12. எபிரேயத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் மென்பொருளுக்குள் இந்த வேறுபாடுகளுக்கென ஓர் ஒப்பீட்டு அட்டவணை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தமிழில் போட்ட கோடு எபிரேயத்தில் பக்கத்து வசனத்தில் போய் விழும்.

திருக்குறள் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மணக்குடவர் உரையில் ஒரு விதமாகவும் பரிமேலழகர் உரையில் வேறு விதமாகவும் இருக்கிறது. 'இந்த அதிகாரத்தின் மூன்றாம் குறள்' என்று சொன்னால் யார் வரிசையில் என்று கேட்க வேண்டியிருக்கும்.

மூன்று எழுத்தா, ஐந்தா, பதினைந்தா?

விலாசத்தின் இரண்டாம் பாதி வசனத்துக்குள் இருக்கும் இடம். சித்தியின் கோடுகள் நழுவியது இங்கேதான்.

'அன்பு' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். கணினிக்கு அது ஐந்து. யூனிகோடில் அ, ன, புள்ளி, ப, உகரக் குறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. அதையே யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் பிடிக்கும். ஆக மொத்தம் 15. ஒரு மென்பொருள் ஐந்து என்று எண்ணி எழுதிய விலாசத்தை இன்னொன்று பதினைந்தின் கணக்கில் படித்தால் கோடு எங்கோ போய் நிற்கும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 'கொடு' என்ற சொல்லின் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். முழுக்குறியை ஒரே எண்ணாக எழுதலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு எண்களாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், நம் கண் வேறுபாடு காணாது. எண்ணிக்கையில் மட்டும் முதலாவது நான்கு, இரண்டாவது ஐந்து. இப்படிப்பட்ட மூன்று சொற்கள் ஒரு வசனத்தின் தொடக்கத்தில் இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள கோடுகள் எல்லாம் மூன்று இடம் தள்ளிப்போகும்.

யூனிகோடுக்கு முந்திய நாளில் இன்னும் குழப்பம் இருந்தது. டிஸ்கி போன்ற குறியேற்றங்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தார்கள். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் க முதலில் வரும், கொம்பு பின்னால் வரும். பழைய கோப்பைப் புதிய முறைக்கு மாற்றியபோது உள்ளே வரிசையே புரண்டது. இத்தனைக்கும் நடுவே பதிப்பில் ஓர் அச்சுப்பிழையைத் திருத்தினாலே போதும், அந்த வசனத்தில் பிழைக்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் மாறிவிடும்.

பல கைப்பேசிச் செயலிகள் முழு வசனத்துக்கும் சேர்த்தே நிறம் தீட்டுவதற்கு இது ஒரு காரணம். வசன எண் பெரும்பாலும் மாறாது. அதே நிறத்தை வேறு மொழிபெயர்ப்பிலும் காட்ட முடியும். சொல்லளவில் அது முடியாது. ஆங்கிலத்தில் வசனத்தின் தொடக்கத்தில் வரும் வினை தமிழில் கடைசியில் வந்து நிற்கும்.

பத்திரம் எழுதுகிறவர் அறிந்த வித்தை

இதற்கு ஒரு தீர்வு இருக்கிறது. நிலம் வாங்கிய எவருக்கும் அது புரியும். கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணோடு நிறுத்த மாட்டார்கள். செக்குபந்தியும் எழுதுவார்கள். இன்னாருடைய நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு என்று. எண்ணில் பிழை நேர்ந்தாலும் நாலு எல்லையையும் வைத்து நிலத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, குறிப்புகளை எப்படிச் சேமிப்பது என்பதற்கு 2017 பிப்ரவரியில் ஒரு தரத்தை வெளியிட்டது. அதில் சொல்லப்பட்ட வழிகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, எத்தனையாவது எழுத்து என்ற எண். மற்றது, கோடு போட்ட சொல்லையும் அதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள சொற்களையும் சேர்த்து எழுதி வைப்பது. எண் ஒத்துவரவில்லை என்றால் மென்பொருள் அக்கம்பக்கச் சொற்களைத் தேடி, கோட்டை அதன் இடத்தில் கொண்டுபோய் வைக்கும். தேடுவதற்கு முன் 'கொ' போன்ற இரட்டை வடிவங்களை ஒரே வடிவாக்கிக்கொள்ளும் முறையும் யூனிகோடிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் கடைப்பிடிக்கும் மென்பொருளில் தமிழ்க் கோடு நழுவ வேண்டிய அவசியமே இல்லை. தமிழ் மென்பொருள் எழுதும் இளைஞர்கள் இதில் கவனம் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. எழுத்தைச் சரியாகக் காட்டினால் போதும் என்று நின்றுவிட்டால், ஒருவர் பல வருடம் உட்கார்ந்து தீட்டியது ஒரே நாளில் இடம் பெயர்ந்துவிடும்.

நிறம் தீட்டினால் மனதில் நிற்குமா?

கோடு இடத்தில் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வசனம் மனதில் நிற்குமா?

ஒரே மாதிரியானவற்றின் நடுவே தனித்துத் தெரிவது நன்றாக நினைவில் தங்கும் என்று உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933இல் காட்டினார். மஞ்சள் கோட்டின் பலம் இதுதான். அதன் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. பக்கம் முழுக்க மஞ்சளானால் எதுவும் தனித்துத் தெரியாது. ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். கோடு போடுவது குறைந்த பயன் தரும் முறைகளில் ஒன்றாகத்தான் தேறியது. பகுதிகளை இணைத்துப் பொருள் காண வேண்டிய இடத்தில் அது இடையூறாகவும் ஆகலாம் என்றார்கள். ஒற்றை வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முன்பின் பார்க்காத வாசிப்பை நாம் அறிவோம். அந்தப் பத்து முறைகளில் முன்னால் நின்றவை இரண்டு. தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதும், இடைவெளி விட்டு மறுபடி படிப்பதும்.

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பத்தியை ஒருமுறை படித்தபின், ஒரு பிரிவினர் மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது. நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 விழுக்காடு ஞாபகம் இருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42.

மென்பொருளின் உண்மையான வசதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. பல வருடங்களாகப் போட்ட கோடுகளை நிறவாரியாகவோ தேதிவாரியாகவோ ஒரே பட்டியலாகத் திரட்டித் தரும். தாளில் அப்படித் திரட்ட ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் விலாசத்தை மட்டும் பார்த்து வசனத்தைச் சொல்லிப் பார்க்கலாம், பிறகு திறந்து சரிபார்க்கலாம். திரும்பிப் போகாத கோட்டால் பயன் கொஞ்சம்தான். திரும்பிப் போக வேண்டும் என்பதற்காகத்தான் விலாசத்தை இத்தனை பத்திரமாகக் காக்க வேண்டியிருக்கிறது.

அன்று மாலை சித்தியும் நானும் உட்கார்ந்து, நழுவிய கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்து இடத்தில் வைத்தோம். செயலியின் கணக்கில் நுழைந்து கோடுகளுக்கு ஒரு நகல் சேமித்துவைக்கவும் கற்றுக்கொடுத்தேன். அது போதாதென்று அவரே ஒரு நாற்பது பக்க நோட்டில் விலாசங்களை மட்டும் எழுதத் தொடங்கினார். சிவப்புக்கு ஒரு பக்கம், நீலத்துக்கு ஒரு பக்கம், பச்சைக்கு ஒரு பக்கம்.

நான் சிதம்பரம் பேருந்துக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். நோட்டில் முதல் விலாசத்தைப் பார்த்துவிட்டு மூடினார். கண்ணை மூடி வசனத்தைச் சொன்னார். நடுவில் ஒரு சொல் வரவில்லை. கைப்பேசியைத் திறந்து பார்த்தார்.

"இந்த ஒரு வார்த்தைதான் விட்டுப்போச்சு" என்றவர், அதுவரை முழு வசனத்துக்கும் இருந்த சிவப்பை அழித்துவிட்டு, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தீட்டினார்.