ஸ்டோக்ஸ் 16.25 கோடி, ரஹானே 50 லட்சம்... அந்த ஏலத்தில் சி.எஸ்.கே தப்புப் பண்ணுச்சா?

ஐ.பி.எல் சீசன் முடிஞ்சதும் நாம எல்லாருமே டீம் மேனேஜர் ஆகிடுவோம். 'இவரை ஏன் எடுத்தாங்க, அவரை ஏன் விட்டாங்க' என்று மேனாம்பேடு டீக்கடையில் ஆரம்பிக்கிற பஞ்சாயத்து, ராத்திரி வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் ஓடும். அது ரசிகரோட உரிமை. ஆனா, ரிசல்ட் தெரிஞ்ச பிறகு தீர்ப்பு சொல்றப்போ ஒரு இடத்துல சறுக்குறோம். நல்ல முடிவு வேற, நல்ல ரிசல்ட் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம்.

இதைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு ஏலம் போதும். 2022 டிசம்பர் 23, கொச்சி.

ஒரே நாள், ரெண்டு முடிவு

அன்னிக்கு சி.எஸ்.கே கையில் இருந்தது 20.45 கோடி ரூபாய். அதில் 16.25 கோடியை பென் ஸ்டோக்ஸுக்குக் கொடுத்தார்கள். அஜிங்க்ய ரஹானேவை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கே எடுத்தார்கள். அவருக்கு வேற எந்த டீமும் போட்டி போடலை.

2023 சீசனில் ஸ்டோக்ஸ் ஆடியது 2 மேட்ச், அடித்தது 15 ரன். ரஹானே 326 ரன், ஸ்ட்ரைக் ரேட் 172. கோப்பையும் சி.எஸ்.கே-வுக்குத்தான். உடனே நம்ம தீர்ப்பு: 'ஸ்டோக்ஸ் வேஸ்ட், ரஹானே மாஸ்டர் ஸ்ட்ரோக்.'

இப்போ காலண்டரைப் பின்னாடி திருப்புங்க. ஏலத்துக்குச் சரியாக 40 நாள் முன்புதான் டி20 உலகக் கோப்பை ஃபைனலில் 52 ரன் அடித்து, கடைசி வரை நின்று, இங்கிலாந்தை ஜெயிக்க வைத்திருந்தார் ஸ்டோக்ஸ். ரஹானேவோ அதற்கு முந்தைய ஐ.பி.எல்-லில் கொல்கத்தாவுக்கு 7 மேட்சில் 133 ரன்தான். டெஸ்ட் டீமிலும் இடம் போயிருந்தது. அன்னிக்கு உங்ககிட்ட கேட்டிருந்தா, யாரைச் சொல்லியிருப்பீங்க?

இன்னொரு விஷயம். 2023 ஏப்ரல் 8, வான்கடே. ஸ்டோக்ஸ், மொயீன் அலி ரெண்டு பேருமே ஆட முடியாத நிலை. அதனால்தான் ரஹானேவுக்கு இடம் கிடைத்தது. 27 பந்தில் 61 ரன். அதற்குப் பிறகு அவரை யாரும் வெளியே உட்கார வைக்கலை. அந்த முதல் வாய்ப்பில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருக்கு.

அப்போ விமர்சனமே கூடாதா?

தாராளமா பண்ணலாம், சரியான இடத்தில். 2022 ஜூலையிலேயே ஸ்டோக்ஸ் பணிச்சுமையைக் காரணம் சொல்லி ஒருநாள் போட்டிகளிலிருந்து விலகியிருந்தார். 2023 ஐ.பி.எல் முடிஞ்ச கையோடு ஆஷஸ் தொடர் வேற. இதெல்லாம் ஏலத்தன்றே தெரிந்த விஷயங்கள். அப்படி ஒருத்தர் மேல் கையிருப்பில் கிட்டத்தட்ட 80 சதவிகிதத்தை வைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. '15 ரன்தானே அடிச்சார்' என்பது வெறும் ஸ்கோர் கார்டு.

அதேபோல, ரஹானேவை எடுத்தது நல்ல முடிவு என்பதற்கு 326 ரன் காரணம் இல்லை. அவர் சொதப்பியிருந்தாலும் நஷ்டம் 50 லட்சம்தான். சின்ன ரிஸ்க், பெரிய அனுபவம். அதுதான் காரணம்.

முழுக்க துரதிர்ஷ்டம் என்று சொல்லக்கூடிய கேஸும் இருக்கு. 2022 பிப்ரவரி 12 அன்று தீபக் சாஹரை 14 கோடிக்கு வாங்கியது சி.எஸ்.கே. எட்டே நாளில், கொல்கத்தாவில் இந்தியாவுக்காக ஆடும்போது தொடையில் காயம். அப்புறம் முதுகும் படுத்த, சீசன் முழுக்க அவர் இல்லை. அந்த வருஷம் டீமுக்கு 9-வது இடம். இதை எந்த மேனேஜர் முன்கூட்டியே கணிக்க முடியும்?

மூளை செய்யும் வேலை

1975-ல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வு செய்தார். 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார். 'இதுதான் முடிவு' என்று குழுவுக்குக் குழு வேறு வேறாகச் சொன்னார். தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவுக்கே வாய்ப்பு அதிகம் இருந்ததாகப் பலரும் நம்பினார்கள். 'எனக்கு அப்பவே தெரியும்' என்று நாம சொல்றதும் இதேதான்.

ஹாக்கியிலும் இதைப் பார்க்கலாம். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கான 16 பேர் கொண்ட அணியில் சிம்ரன்ஜீத் சிங் இல்லை, மாற்று வீரர் மட்டுமே. கொரோனா காரணமாக விதி தளர்ந்து, 18 பேரையும் பயன்படுத்தலாம் என்றானது. வெண்கலத்துக்கான போட்டியில் ஜெர்மனியை 5-4 என்று வென்றோமே, அதில் 2 கோல் அவருடையது. அதற்காக முதல் 16 பேரைத் தேர்வு செய்தவர்களுக்கு விவரம் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா?

மூணு கேள்வி

அடுத்த முறை மீம் போடுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுப் பாருங்க:

1. முடிவெடுத்த அன்று என்னென்ன தெரியும்?

2. அதே காசுக்கு, அதே நாளில் வேற யார் கிடைத்திருப்பார்கள்?

3. தப்பானால் இழப்பு எவ்வளவு? அதைத் தாங்க முடியுமா?

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் இல்லை. சேர்ந்த கோர்ஸ், அம்பத்தூர் எஸ்டேட்டில் விட்டுட்டு வந்த வேலை, வாங்கின பைக்... 'அன்னிக்கே யோசிச்சிருக்கணும்' என்று உங்களையே திட்டிக்கிறீங்களா? இதே மூணு கேள்வியை அங்கேயும் கேளுங்க. அன்னிக்குத் தெரிஞ்சதை வெச்சு ஒழுங்காத்தான் யோசிச்சிருக்கீங்க என்றால், திட்டுறதை நிறுத்தலாம். தெரிஞ்சும் கண்டுக்காம விட்டது ஏதாவது இருந்தா, அதை மட்டும் அடுத்த முறைக்கு எடுத்துக்கோங்க.