அற்லஸ் விட்டிலும் அதன் இலங்கைப் பெயரும்

மாரிகாலத்து இரவுகளில் விளக்கொளியை நாடி வந்து மொய்ப்பனவற்றையெல்லாம் விட்டில் என்னும் ஒரே சொல்லாற் குறித்து நாம் அமைந்துவிடுகின்றோம். அன்றாட வாழ்வுக்கு அது போதும், விஞ்ஞானத்துக்குப் போதாது. அற்லஸ் விட்டிலின் பெயர் வரலாற்றைக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பதிப்பே விலங்குகளின் இருசொற் பெயரீட்டுக்குத் தொடக்கமெனக் கொள்ளப்படுகின்றது. அவர் செதிற்சிறகிகள் அனைத்தையும் மூன்றே சாதிகளுள் அடக்கினார். வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஒன்று, பருந்து விட்டில்களுக்கு ஒன்று; எஞ்சிய விட்டில்களெல்லாம் பலீனா என்னும் மூன்றாவதனுட் சென்றன. ஏறத்தாழ ஒரு சாண் அகலம் சிறகு விரிக்கும் ஆசியப் பூச்சியொன்றுக்குக் கிரேக்க புராணத்தில் வானைத் தாங்கி நின்றவனின் பெயரால் அற்லஸ் என இனப்பெயர் இட்டு, அதனையும் பலீனாவுள்ளேயே வைத்தார். பின்னர் அது அற்றாக்கஸ் என்னும் சாதிக்குரியதாயிற்று. (மாந்தரிடையே பெரும்பாடாகிய சாதிமாற்றம் விட்டிலுக்கு எளிதிற் கைகூடியது!) சாதி மாறினும் இனப்பெயர் மாறாது, பெயரிட்டவரும் ஆண்டும் மட்டும் பிறைக்கோட்டினுட் புகும். அற்றாக்கஸ் அற்லஸ் (லின்னேயஸ், 1758) என எழுதுவதன் பொருள் இதுவே. மாணவர் சிலர் இப்பிறைக்கோட்டை வெறும் அலங்காரமெனக் கருதி விட்டுவிடுகின்றனர்.

இனி இலங்கைக்கு வருவாம். பிறெடெறிக் மூர் என்னும் ஆங்கிலேயர், 1880 முதல் 1887 வரை வெளியான இலங்கைச் செதிற்சிறகிகள் பற்றிய தம் பெருநூலில், இங்குள்ள பூச்சியை வேறினமெனக் கொண்டு, இத்தீவின் பழைய கிரேக்கப் பெயராகிய தப்ரபானே என்பதிலிருந்து தப்ரபானிஸ் எனப் பெயரிட்டார். தொடக்கத்திலேயே அற்றாக்கஸ் சாதியுள் வைத்தமையால் மூரின் பெயருக்குப் பிறைக்கோடு இல்லை. அந்நூலுக்கு ஆதாரமான ஓவியங்கள் பலவற்றைப் பேராதனைப் பூங்காவிலிருந்து தீட்டியோர் அல்விஸ் சகோதரர். பெயரீட்டு விதியோ விவரித்தவரையே அறியும், வரைந்தவரை அறியாது.

மூருக்குப் பின் இப்பூச்சி அற்லசின் உபவினமே எனப் பலரால் எண்ணப்பட்டது. சிறகின் நிறமும் கோலமும் ஓரினத்துள்ளேயே வேறுபடுமாதலின் அவற்றை மட்டும் நம்பி முடிவு செய்தல் அரிது. 1989இல் இச்சாதி முழுவதையும் மீளாய்ந்த பைக்லர் என்பார் தப்ரபானிசைத் தனியினமாகவே நிறுத்தினார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி அது வேறெங்கும் இல்லை. அற்லசின் கிளையாயின், இங்கு காடழிந்து அது மறைந்தாலும் பிற தேசங்களில் அவ்வினம் வாழும். தனியினத்துக்கு அந்த ஆறுதல் இல்லை.

ஆதலால், இந்நாட்டிற் பிடித்த பூச்சியின் கீழ் அற்லஸ் என்றெழுதிய பழைய சீட்டு எந்தக் கல்லூரியின் கண்ணாடிப் பேழையிலேனும் இருக்குமாயின் அது திருத்தப்படல் வேண்டும். பிடித்த இடமும் நாளும் குறித்த சீட்டை மட்டும் கழற்றலாகாது. இனிப் பெயரை ஆராய வருவோர் முதலில் தேடுவது அதனையே.