கட்டட வேலைக்கும் ஒரு பெரட்டு வேண்டும்

பெரட்டு என்றால் என்ன என்று நம்ம ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் கூடி நிற்போம், யார் எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று கங்காணியோ கணக்கப்பிள்ளையோ சொல்வார், போவோம். கட்டட வேலைத்தளத்திலும் அப்படி ஒரு பெரட்டு உண்டு. நல்ல கொந்தராத்துக்காரராக இருந்தால் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் எல்லோரையும் கூட்டுவார். இன்றைக்கு என்ன வேலை, அதில் ஆபத்து எங்கே, நேற்று எது தளர்ந்தது, எது உடைந்தது என்று பேசுவார்கள். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் தோட்டத்தை விட்டு கட்டட வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர் கையோ காலோ போய் வீடு வந்ததற்கு, அந்தப் பத்து நிமிடம் இல்லாமற் போனதும் ஒரு காரணம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

அம்பாறைக் கரையைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி கல்முனை, மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது என்று கரையோரத்தை அழித்துப் போட்ட பிறகு, அங்கே ஆண்டுக்கணக்கில் வீடும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். அந்தப் பக்கத்து மேசன் பாஸ்மார் கைதேர்ந்தவர்கள். கரையிலிருந்து உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது சொறிக்கல்முனை. திருச்சிலுவைக் கோயிலால் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரு சிறிய கட்டட வேலையைப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. பாஸ் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் அவர் ‘காக்கா’. கையாட்களில் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், மலைநாட்டிலிருந்து போன பொடியன்மார் இரண்டு பேரும் இருந்தார்கள்.

முதல் நாள் இரவு மழை. காலையில் காக்கா சாரத்தைச் சுற்றி வந்தார். (உடுக்கிற சாரமல்ல, சுவரோரம் தடி நட்டு ஏறி நிற்கக் கட்டுகிற சாரம்.) ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்த்தார், தடி ஊன்றிய மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, “மண் இளகிப் போச்சு. அடியில பலகை வைச்சுத் திரும்பக் கட்டாம ஒருத்தரும் ஏறப்படாது” என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர் அதோடு விடவில்லை. நம்ம பொடியன் ஒருவனைப் பார்த்து, “தம்பி, நான் இப்ப என்ன சொன்னன்? நீ சொல்லு பாப்பம்” என்றார். அவன் முழித்தான். காக்கா கோபிக்காமல் இரண்டாந்தரம் சொல்லி, அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் வேலை தொடங்கியது.

தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரியவர் முன்னால் ‘விளங்கல’ என்று சொல்ல நம்ம பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். சிங்களத்தில் சொன்னால் பாதி புரியும், ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினால் அதுவும் இல்லை. 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியானது. தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம்.

காக்கா செய்த பரிசோதனை அவராகக் கண்டுபிடித்த வழக்கமல்ல. சர்வதேச தொழில் தாபனம் 1988இல் நிறைவேற்றிய 167ஆம் இலக்க சமவாயம் கட்டட வேலைக்கென்றே வந்தது. சாரத்தில் ஏறுமுன் விஷயம் தெரிந்த ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். பிறகும் இடைக்கிடை பார்க்க வேண்டும். மாற்றிக் கட்டினாலும், சில நாள் பாவிக்காமல் விட்டாலும், மழை காற்று அடித்தாலும் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறது அதோடு சேர்ந்து வந்த 175ஆம் இலக்கப் பரிந்துரை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தால் தொழிலாளி விலகி நிற்கலாம், ஆனால் மேற்பார்வையாளருக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்று சமவாயம் சொல்கிறது. டீ.ஓ. வந்து கலவையையும் கம்பியையும் பார்த்துவிட்டுப் போவதை நம்மவர்கள் ‘செக் பண்ணியாச்சு’ என்பார்கள். அவர் பார்ப்பது கட்டடத்தின் உறுதியை. ஏறி நிற்பவனின் பாதுகாப்பு வேறு சங்கதி.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே வீடு கட்டுவதென்றால் முதலில் மண்மேட்டை வெட்ட வேண்டும். ஒரு கன மீற்றர் மண் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் நிறை. இடுப்பளவு மூடினாலே ஆளை இழுத்தெடுக்க முடியாது, நெஞ்சளவு மூடினால் மூச்சு விடவே விடாது. வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. மேட்டில் வெடிப்புத் தெரிந்தால், ஊற்று கலங்கி வந்தால், மரம் சாய்ந்தால் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. மழைக் கணக்கு தோட்டத்து ஒபீசில் தினமும் எழுதப்படுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேற வேண்டியதுதான் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. அந்தக் கணக்கை வேலைக்கு முன் கேட்டு வர ஒருவரை வையுங்கள்.

தகவல் சேர வேண்டிய இடத்துக்குச் சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதை கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பார்த்தோம். அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, சனங்கள் லயத்தில் இருந்தார்கள்.

சங்கத்தின் மூலம் நாமே சேர்ந்து வீடு கட்டும்போது கொந்தராத்துக்காரரும் இல்லை, பாஸும் பாதி நாள்தான் வருவார். வீட்டுக்காரரே கையாள். மணலும் கல்லும் சுமப்பது பெரும்பாலும் பெண்கள். ஆனால் கூட்டம் போட்டால் சீமெந்துக் கணக்கும் தகரக் கணக்கும்தான் பேசுகிறோம். சுமை தூக்கும் அக்காமாரைக் கேட்டால் எந்தப் படி வழுக்குது, எந்தப் பலகை ஆடுது என்று உடனே சொல்வார்கள். அதை ஒரு கொப்பியில் எழுதி, யார் சரி செய்வது என்று பேரும் போட்டு, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக ‘செய்தாச்சா?’ என்று கேளுங்கள். கேட்காவிட்டால் அந்தக் கொப்பி வீண்.

விபத்து நடந்துவிட்டால் ‘பொலிசுக்கும் போகாதே, ஒபீசுக்கும் போகாதே’ என்று கொஞ்சம் காசைக் கையில் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைகளுக்கும் பொருந்தும். உயிர் போனாலோ, மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் போனாலோ தொழில் திணைக்களத்துப் பரிசோதகருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக்கினார்கள். கடிதம் இல்லாமல் வாய்ப்பேச்சில் சேர்ந்தவரும் தொழிலாளிதான்.

ஆகவே பிள்ளை பையைத் தூக்கும்போதே பாஸின் பெயர், கொந்தராத்துக்காரரின் பெயர், போன் நம்பர், வேலை நடக்கும் இடம் நான்கையும் வீட்டுக் கலண்டரில் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரித் துண்டைத் தொலைக்காதீர்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர் பெயரையும் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஒரு மாதம் போனால் அவர் வேறு வேலைத்தளத்தில் இருப்பார்.