கடல் காணாத ஊரில் ஒரு கட்டுமரம்: லிந்துலையில் றிமோட் படகு

லிந்துலையில் கடல் இல்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் கடலை நேரில் கண்டதுமில்லை. ஆனால் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆக்ரா ஓயா ஓடுகின்றது. மரக்கறித் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் குட்டைகள் இருக்கின்றன. அப்படி ஒரு குட்டையில்தான் நானும் என் அக்காவின் மகனும் லயத்துப் பிள்ளைகள் நால்வரும் சேர்ந்து மரத்தில் செய்த இரட்டைத் தோணி வேகப்படகொன்றை றிமோட்டில் ஓட்டி வருகின்றோம். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது.

மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை. அவனுடைய தகப்பன் வழிக் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போனது. அவன் பிறந்தது 2009இல், செட்டிக்குளம் முகாமில். இங்கே வந்து சேர்ந்த பிறகு பாடசாலையில் அதிகம் பேச மாட்டான். ஆனால் உடைந்த றேடியோவைக் கொடுத்தால் அரை நாள் அசைய மாட்டான். இந்தப் படகு அவனுக்காகத்தான் தொடங்கியது.

ஆங்கிலத்தில் ‘கற்றமரான்’ என்பது எங்கள் கட்டுமரம்தான். சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி மீனவர்கள் கடலுக்குப் போவதைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் அந்தச் சொல்லை எழுதினார். ஆனால் இன்று உலகம் அந்தப் பெயரால் அழைப்பது இரண்டு தோணிகளை அருகருகே வைத்துப் பாலம் போட்டுப் பிணைத்த படகை. அது பசுபிக் தீவு மக்களின் வடிவம். பெயர் எங்களுடையது, உருவம் அவர்களுடையது. 1876இல் அமெரிக்காவின் ஹெரெஷொஃப் என்பவர் இரட்டைத் தோணிப் பாய்ப்படகொன்றைச் செய்து நியூயோர்க் போட்டியில் எல்லோரையும் முந்தினார். பிறகு அந்த வகைப் படகைப் போட்டியிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள்.

படகு செய்யும் கை எங்களுக்கும் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனது.

றேடியோவால் ஓடும் முதற் படகை 1898இல் நியூயோர்க்கில் மக்களுக்குக் காட்டியவர் நிக்கொலா டெஸ்லா. வயர் இல்லாமல் ஒரு பொருள் சொன்னபடி திரும்புவதைப் பார்த்தவர்கள் உள்ளே குரங்கு இருக்கின்றதோ என்று யோசித்தார்களாம். எங்கள் நாட்டில் சந்தேகம் வேறு விதமானது. யுத்த காலத்தில் வடக்குக்குப் பற்றரி போவதே தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் யாழ்ப்பாணத்தில் செய்தி கேட்டார்கள். மலையகத்தில் வயரும் அன்ரனாவும் கையில் வைத்திருக்கும் தமிழ் இளைஞன், 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கும் நாட்டில், என்ன பதில் சொல்லித் தப்புவான்? அந்தப் பயம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கின்றது. பிள்ளையின் கையில் றிமோட்டைக் கண்டதும் என் அம்மா கேட்ட முதற் கேள்வி “பொலிஸ் வராதா?” என்பதுதான். ஆகவே ஒன்றைச் சொல்லி வைக்கின்றேன். றேடியோ அனுப்பும் கருவிகளை இறக்குமதி செய்யத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். கடையில் முறைப்படி விற்பதை வாங்கி, பில்லைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள்.

இனி மரம். முன்பு தேயிலையை மூன்றடுக்குப் பலகைப் பெட்டிகளில்தான் ஏற்றுமதி செய்தார்கள். இன்று கடதாசிச் சாக்குகள். பழைய பெட்டி சில லயங்களில் அரிசிப் பெட்டியாகவோ உடுப்புப் பெட்டியாகவோ இன்னும் கிடக்கும். அந்தப் பலகை மெல்லியது, பாரமற்றது, படகுக்கு அருமையானது. ஆனால் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒரு துண்டை வெட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டுப் பாருங்கள். காலையில் பிரியாவிட்டால் பாவிக்கலாம். கிடைக்காவிட்டால் கடையில் 3 மில்லிமீற்றர் பிளைவூட் வாங்கலாம்.

எங்கள் படகு 60 சென்ரிமீற்றர் நீளம். பக்கத்துக்கு ஒரு தோணி, ஒவ்வொன்றும் 6 சென்ரிமீற்றர் அகலம். நடுவே காற்றுப் புகும் இடைவெளி. அதன் மேல் தட்டு. வேகம் கூடும்போது அந்த இடைவெளியில் புகும் காற்று தட்டைத் தூக்கும். அதனால் தோணியின் பின்முனை மட்டும் தண்ணீரைத் தொட்டபடி படகு பறக்கும். ஒற்றைத் தோணியை விட இது வேகமாகப் போவதற்கும், சில வேளை ஆகாயத்தில் கரணம் அடிப்பதற்கும் அதுவே காரணம்.

தோணியின் அடிப்பக்கம் நேராக இருக்க வேண்டும். இது மிக முக்கியம். பின்முனைக்கு அருகில் ஒரு மில்லிமீற்றர் வளைந்தாலும் ஓட்டத்தில் தெரியும். கண்ணாடித் துண்டொன்றில் மணற்கடதாசியை ஒட்டித் தேயுங்கள். தோணிகளுக்குள் வெள்ளை ரெஜிபோம் துண்டுகளை அடைத்து மூடுங்கள். கவிழ்ந்தாலும் படகு அடியில் போகாது.

ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் இரண்டு பங்காகக் கலக்கும் இப்பொக்சி. லிந்துலைக் குளிரில் அது இலேசில் இறுகாது. கலக்கு முன் போத்தல்களை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தெடுங்கள். பூசிய பலகையை மூடுபனி படாத அறையில் ஒரு நாளுக்கு மேல் விடுங்கள். பூசுமுன் பலகையை அடுப்படியில் காய வைக்கலாம். பூசிய பிறகு நெருப்பருகே வேண்டாம்.

மோட்டர் விலை அதிகம். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றுதான் தீர்மானிக்கப்பட்டது. மோட்டர், அதன் வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டி, பற்றரி, றிமோட் நான்கும் பல நாள் கொழுந்துக் கூலி. ஆகவே நாங்கள் முதலில் பழைய கைத் துளைகருவியின் மோட்டரில் ஓட்டிப் பழகினோம். மெதுவாகத்தான் போனது, ஆனால் சுக்கான் பிடிக்கும் கை வந்தது. வெளிநாட்டு உறவினர் ஒருவர் உதவிய பிறகே தூரிகை இல்லாத மோட்டர் வந்தது.

மோட்டரைத் தெரிவு செய்யக் கணக்குப் போதும். வோல்ட்டுக்கு 2,000 சுற்று என்று எழுதியிருந்தால், 11.1 வோல்ட் பற்றரியில் நிமிடத்துக்கு 22,200 சுற்று. 40 மில்லிமீற்றர் விசிறி ஒரு சுற்றுக்கு 56 மில்லிமீற்றர் முன்னேறும் வகை என்றால், கடதாசிக் கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். தண்ணீரின் வழுக்கலும் சுமையும் மூன்றில் ஒன்றைத் தின்றுவிடும். மிஞ்சுவது 50. போதாதா? மருமகன் இந்தக் கணக்கைத் தானே போட்டுக் காட்டிய நாளில்தான் வகுப்பில் கையுயர்த்தத் தொடங்கினான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னார்.

றேடியோவில் இரண்டு விடயங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். அன்ரனாவைத் தட்டுக்கு மேலே நிமிர்த்தி வையுங்கள். தொடர்பு அறுந்தால் மோட்டர் தானாக நிற்கும்படி றிமோட்டில் அமைத்து, கரையில் வைத்தே றிமோட்டை அணைத்துச் சோதியுங்கள்.

எங்களுக்கு ருசியான வேலை சீராக்கல்தான். படகைச் செய்ய மூன்று வாரம், சீராக்க இரண்டு மாதம். முதலில் பாரம். பற்றரி உட்பட எல்லாவற்றையும் ஏற்றி இரண்டு விரல்களில் படகைத் தூக்குங்கள். பின்முனையிலிருந்து 18 சென்ரிமீற்றரில், அதாவது நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவில், சமநிலை வர வேண்டும். மூக்கு மேலே கிளம்பினால் பற்றரியை முன்னுக்குத் தள்ளுங்கள், ஒரு தடவைக்கு 5 மில்லிமீற்றர் மட்டும். மூக்கு தண்ணீரை உழுதால் பின்னுக்கு.

அடுத்தது விசிறித் தண்டின் தாங்கி. அது தோணியின் அடிக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். விசிறியின் பாதி தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் வேகம். தண்டின் பின்நுனியைச் சற்றுக் கீழே சாய்த்தால் படகின் பின்புறம் உயர்ந்து மூக்கு அமரும். மேலே சாய்த்தால் பின்புறம் இழுபட்டு மூக்கு எழும்பும். படகு தவளை போலத் துள்ளினால் பெரும்பாலும் இந்தச் சாய்வில்தான் காரணம் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் கொப்பியில் எழுதுங்கள். எங்கள் கொப்பி மருமகனின் கையெழுத்தில் நாற்பது பக்கத்தைத் தாண்டிவிட்டது.

முதல் ஓட்டம் ஒரு நிமிடம். கரைக்கு எடுத்து மோட்டரைத் தொடுங்கள். விரல் வைக்க முடியாத சூடென்றால் விசிறியைச் சிறிதாக்குங்கள். சராசரி 50 அம்பியர் இழுத்தால் 5,000 மில்லிஅம்பியர்-மணிப் பற்றரி ஆறு நிமிடத்தில் தீரும். ஐந்தாவது நிமிடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். லிதியம் பற்றரி முற்றாக இறங்கினால் பாழ். வீங்கினால் நெருப்பு. சார்ஜ் செய்யும்போது மண் சட்டிக்குள் வைத்து, ஆள் அருகில் இருக்க வேண்டும். லயத்து அறையில் ஒரு நெருப்பு என்றால் வரிசை முழுவதும் நெருப்பு.

ஓட்டுவது காலையில். பகலேறக் காற்றும் ஏறும், எதிர்காற்றில் வேகம் பிடித்தால் கரணம் நிச்சயம்.

தலவாக்கலை நீர்த்தேக்கத்தில் ஏன் விடவில்லை என்று கேட்கின்றார்கள். 2012இல் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்தின் தேக்கம் அது. பல குடும்பங்களின் வீடு வாசல் இருந்த இடம். அங்கே நீர்மட்டம் சட்டென்று மாறும், மழை பெய்தால் வான்கதவுகளைத் திறப்பார்கள். பிள்ளைகளை அந்தக் கரைக்குக் கூட்டிப் போக எனக்கு மனமில்லை.

படகு நடுக்குட்டையில் நின்றுவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் நன்றாக நீந்துபவனுக்கும் கால் விறைக்கும். தூண்டில் நூலில் ரெனிஸ் பந்தைக் கட்டிப் படகுக்கு அப்பால் எறிந்து மெல்ல இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் காற்று கரைக்குத் தள்ளும் வரை காத்திருங்கள். நாங்கள் ஒரு தடவை மாலை வரை காத்திருந்தோம். அடுத்த படகை மருமகனே வரைந்து கொண்டிருக்கின்றான். அதன் நீளம் 80 சென்ரிமீற்றர்.